பெரியம்மாவுக்கு நான் வரைந்த கண் அட்டை

எழுபதுகளின் கடைசியில், ஒரு புரட்டாசி மாதம், ஆந்திராவில் உள்ள சித்தூரில் நடந்தது இது. பாலிடெக்னிக் முடித்து, அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடங்கள் வரையும் வரைவாளராக நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனசில் நிற்கும். அதனால் நடந்ததை முதலில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

1. என் பெரியம்மாவின் டிரைவிங் லைசன்ஸ் அந்த மாதத்தோடு முடிய இருந்தது.

2. வயதாகிவிட்டதால், கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் புதுப்பிக்க முடியும் என்று லைசன்ஸ் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

3. பெரியம்மா பரிசோதனைக்குப் போய், கண் அட்டையின் கடைசி வரிவரை ஓர் எழுத்துகூடத் தவறாமல் வாசித்தார்.

4. டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

5. அடுத்து வந்த சனிக்கிழமை காலை, பெரியம்மா ஓட்டிய கார் சாலையோரம் நடந்துபோன ஆட்கள் மேல் ஏறப் பார்த்தது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் லஞ்சமோ சிபாரிசோ ஒன்றும் இல்லை. டாக்டர் நேர்மையாகத்தான் பரிசோதித்தார். பெரியம்மாவும் நேர்மையாகத்தான் வாசித்தார். பிறகு எப்படி என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் கண் வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சித்தூரில் வேலை கிடைத்ததும், பெண் தனியாக இருக்க வேண்டாமென்று, புத்தூரில் இருந்த என் பெற்றோர் என்னை அவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் பணிசெய்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய மோரிஸ் கார் பெரியம்மாவிடம் இருந்தது. வெள்ளைப் புடவையும் கையில் ஸ்டியரிங்குமாக அவர் போவது ஊருக்கே பழகிப்போன காட்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் டிரைவர்கள், "சிஸ்டரம்மா, திருமலைக்கு ஒரு டிரிப் அடிக்கிறியா, நாங்க கொஞ்சம் தூங்கிக்கிறோம்" என்று கிண்டல் செய்வார்கள். "உன் பஸ்ஸுக்கு மொதல்ல ஒரு பிரேக்கு வாங்கு, அப்புறம் ஓட்டறேன்" என்று இவரும் விடமாட்டார்.

காரை அவர் வைத்திருந்தது பெருமைக்கு இல்லை. திருப்பதி சாலையில் கொஞ்ச தூரம் போய், மண் ரோட்டில் உள்ளே திரும்பினால் ஒரு கிராமம் வரும். பஸ் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் பெரியம்மா மருந்துப் பெட்டியோடு அங்கே போவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பிள்ளைகளின் கண்ணைப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று தோன்றும் ஆட்களைத் திரும்பும்போது தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வருவார். பிரசவ வலியோடு ஏறிய பெண்களும் உண்டு. லைசன்ஸ் போனால் அந்தக் கிராமத்துக்கு இருந்த ஒரே வண்டியும் நின்றுவிடும். பெரியம்மாவுக்கு அதுதான் கவலை.

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் இளைஞர். அவர் படித்துவிட்டு முதன்முதலாக அந்த வார்டுக்கு வந்தபோது பெரியம்மாதான் அங்கே மூத்த நர்ஸ். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் சொல்வதற்கு முன்னால் தானே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். டாக்டர் குச்சியை எடுத்து ஒவ்வொரு வரியாகக் காட்டக் காட்ட, மேலிருந்து கீழ்வரை நிற்காமல் வாசித்தார். அடுத்த கண்ணிலும் அப்படியே. "சிஸ்டர், உங்களுக்கு டெஸ்ட் பண்ண எனக்கே கூச்சமா இருக்குது" என்று சிரித்தபடி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெரியம்மாவுக்குச் சந்தோஷம். இந்த வயதில் கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்து பைபிள் வாசிக்கிறேன், தெரியுமா என்றார். அது உண்மை. நானே தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. கூடப் போனேன். மருந்துப் பெட்டி என் மடியில். புரட்டாசி மாதம் ஆனதால், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடந்துபோகிறவர்கள் சாலை நெடுக இருந்தார்கள். வெயில் ஏறாத நேரம். சூரியன் நேரே எங்கள் முகத்துக்கு எதிரே இருந்தது. பெரியம்மா ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

ஒரு கூட்டம் எங்களுக்கு முன்னால் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. பெரியம்மா வலப்பக்கம் ஒதுக்குவார் என்று நினைத்தேன். கார் ஒதுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் ஒதுக்குவார் என்று நினைத்தேன். அப்போதும் இல்லை. "பெரிம்மா, ஆளுங்க" என்று நான் அவர் கையைப் பிடித்த பிறகுதான் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் சாலையை விட்டு இறங்கி, மண்ணில் சரிந்து நின்றது. அவர்கள் நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள். ஒருவர் கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டது.

யாருக்கும் அடிபடவில்லை. ஒருவருக்கு மட்டும் கீழே விழுந்ததில் முழங்கை சிராய்ந்திருந்தது. நெற்றியில் நாமம் போட்ட, நடுவயதுக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். அவர் கத்தவில்லை. எனக்கு அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாம்மா இது? இத்தினி பேரு, பளபளன்னு மஞ்சத்துணி கட்டிக்கினு போறோம். இதுகூடவா உன் கண்ணுக்குத் தெரியல?" என்று கேட்டார்.

பெரியம்மா இறங்கிப்போய், முழங்கை சிராய்ந்தவரை உட்காரவைத்து, புண்ணைக் கழுவி மருந்து போட்டார். மன்னிச்சிக்கப்பா என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நாமம் போட்டவருக்கும் மனசு இறங்கிவிட்டது. பெருமாள் காப்பாத்தினார், பாத்துப் போம்மா என்று சொல்லிவிட்டு, கோவிந்தா போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

பெரியம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் கிளப்பவில்லை.

"நீ எங்க வரும்போது அவுங்கள பாத்த?" என்று கேட்டார்.

"அந்த மைல் கல்லுகிட்ட வரும்போதே பாத்துட்டேன் பெரிம்மா."

பெரியம்மா திரும்பிப் பார்த்தார். நாங்கள் வந்த சாலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையடித்த கல் அது, வெயிலில் பளிச்சென்று நின்றது.

"எந்தக் கல்லு?" என்றார்.

மீதி தூரத்தை மாட்டுவண்டி வேகத்தில் போனோம். "ஆளு", "சைக்கிளு", "ஆடு" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கிராமத்தில் வழக்கமான வேலை எல்லாம் நடந்தது. திரும்பி வரும்போதும் அப்படித்தான். என் மனசுக்குள் ஒரு பட்டியல் தானாக ஓடியது. வாசலில் வந்து நிற்பது யார் என்று குரல் கேட்டபிறகே பெரியம்மா பெயர் சொல்வது. பஸ்ஸின் போர்டைப் பார்க்காமல், எந்த ஊருக்கு என்று கண்டக்டரிடம் கேட்பது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத விஷயங்கள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். சான்றிதழ் மேசைமேல் இருந்தது. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் லைசன்ஸ் கைக்கு வந்துவிடும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"உன் மை, பேனா, ஸ்கேலு எல்லாம் எடுத்துக்கினு வா பாப்பா" என்றார்.

"எதுக்கு பெரிம்மா?"

"எனக்கு ஒரு கண் அட்ட எழுதிக் குடு. நான் ஒரு தடவகூட பாக்காத அட்டையா இருக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரி அட்டையின் பக்கத்தில் அவர் குச்சியோடு நின்றது வாழ்நாளில் பாதி. எத்தனையோ நோயாளிகள் அதைப் பார்த்துத் திக்கித் திணறி வாசித்ததை அவர் கேட்டுக்கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். அந்த எழுத்துகள் அவருக்குக் கண்ணே தேவைப்படாத எழுத்துகள்.

அளவுகளை அவரே சொன்னார். ஒவ்வொரு வரியின் எழுத்தும் எவ்வளவு உயரம் என்பது மனப்பாடம். எழுத்து ஐந்து கட்டம் உயரம், ஐந்து கட்டம் அகலம், கோட்டின் தடிமன் ஒரு கட்டம் என்றார். வரைபடம் வரைகிறவளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வெள்ளைத் தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, கறுப்பு மை நிரப்ப ஆரம்பித்தேன். நான் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரியம்மா சமையலறைக்குப் போய்விட்டார். "வாய் தவறிக்கூட இன்னா எழுத்துன்னு சொல்லிடாத" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

கூடத்தின் நீளம் போதவில்லை. அதனால் அட்டையைக் காம்பவுண்டு சுவரில் மாட்டி, டேப் பிடித்து இருபதடி அளந்து, பின்வாசல் பக்கம் ஸ்டூலைப் போட்டேன். நல்ல வெளிச்சம் இருந்தது. நான் குச்சிக்குப் பதில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏய், நீ அட்டைக்கு முன்னால நின்னா பேஷண்ட்டு உன் முதுகதான் வாசிப்பா. ஓரமா நில்லு" என்றார். நகர்ந்து நின்றேன். "கண்ண மூடுன்னு சொல்ல மாட்டியா? எந்தக் கண்ணுன்னு பேஷண்ட்டுக்குத் தெரியுமா? நான்தான் பேஷண்ட்டு, நீதான் நர்ஸு. தைரியமா அதட்டு."

"இடது கண்ண மூடுங்க" என்றேன்.

"ம். இப்ப காட்டு."

முதல் எழுத்து பெரியது, உடனே சொன்னார். இரண்டாவது வரியும் சரி. மூன்றாவது வரியில் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒன்று தவறு. நான்காவது வரிக்கு ஸ்கேலை வைத்தேன். அதற்கு மேல் தயக்கமே இல்லை. மளமளவென்று வாசித்தார். ஐந்தாவது, ஆறாவது என்று நான் இறக்க இறக்க வாசித்துக்கொண்டே போனார். நான் எழுதிய எழுத்துகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

ஸ்கேல் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது.

"இன்னா, நின்னுக்கினே தூங்கறியா?" என்றார் பெரியம்மா. அதற்கும் ஸ்கேல் நகரவில்லை. பிறகு குரல் இறங்கியது. "நான் இன்னா வாசிச்சேன்?"

அவர் சொன்ன எழுத்துகளையே திரும்பச் சொன்னேன்.

"அது வார்டு அட்ட" என்றார்.

"ஆமா பெரிம்மா."

கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். "நான் பொய் சொல்லல பாப்பா. எனக்குத் தெரியற மாதிரியேதான் இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். எனக்கு அது தெரியும் என்றேன். "சரி, இன்னொரு கண்ணு பாக்கி இருக்குது. நர்ஸு அழக் கூடாது" என்று அவரே அடுத்த கண்ணை மூடிக்கொண்டார். அது இன்னும் மோசம்.

அட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்ததும் அவருக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "வயசானவுங்களுக்குத் தூரத்துல இருக்கறது மங்கி, கிட்டத்துல இருக்கறது கண்ணாடி இல்லாமயே தெரிய ஆரம்பிச்சா இன்னா அர்த்தம், சொல்லு? கண்ணுல பொர வளருதுன்னு அர்த்தம். எத்தினி நர்ஸ் பொண்ணுங்களுக்கு இத நானே சொல்லிக் குடுத்திருப்பேன். பைபிள் வாசிக்கிறேன்னு உங்கிட்ட பெருமை வேற அடிச்சிக்கினேன்."

திங்கட்கிழமை காலை ரிக்‌ஷாவில் ஏறியபோது, லைசன்ஸ் அலுவலகமா ஆஸ்பத்திரியா என்று நான் கேட்கவில்லை. பெரியம்மாதான் ஆஸ்பத்திரி என்றார். சான்றிதழை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். டாக்டரின் முகம் வாடிவிட்டது. விளக்கு வைத்து இரண்டு கண்ணையும் பார்த்தார். இரண்டிலும் புரை. இன்னும் கொஞ்சம் முற்றட்டும், பிறகு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். சான்றிதழைத் தன் எதிரிலேயே ரத்து செய்யச் சொல்லி, பெரியம்மா பார்த்துக்கொண்டு நின்றார். லைசன்ஸ் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. கார் கொட்டகைக்குள் போனது.

அதன் பிறகு வந்த மாதங்கள் எளிதாக இல்லை. சனிக்கிழமைகளில் பெரியம்மா பஸ்ஸில் போய், திருப்பத்தில் இறங்கி, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண் ரோட்டில் நடந்தார். போக முடிந்தது, யாரையும் கூட்டிக்கொண்டு வரத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய ஒருவரைக் கட்டைவண்டியில் ஏற்றிவிட்டு வந்த நாளில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரமே நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, உன் மாஸ்டருக்குக் கிளட்ச்சுன்னா இன்னான்னு தெரியுமா தெரியாதா என்று கேட்பார். தட்டுத்தடுமாறி எனக்கு லைசன்ஸ் வந்தது. கார் மறுபடி வெளியே வந்தது.

ஆபரேஷன் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. போகும்போது பஸ்ஸில் பெரியம்மா என் கையை விடவே இல்லை. "எத்தினி பேருக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதன்னு சொல்லியிருப்பேன். அவுங்கல்லாம் எப்படித்தான் நம்பினாங்களோ" என்றார். அந்தக் காலத்தில் ஆபரேஷன் முடிந்தால் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கவைப்பார்கள். இருமக்கூடக் கூடாது. கட்டுப் போட்ட கண்ணோடு படுத்தபடியே பக்கத்துப் படுக்கைக்கு எப்போது சொட்டு மருந்து விடவேண்டும் என்று நர்சுகளுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து இன்னொரு கண்ணுக்கும் அப்படியே.

பாட்டிலின் அடிபோலத் தடித்த கண்ணாடி வந்தது. அதை மாட்டிக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உன் மூஞ்சியில இத்தினி பருவா? ஒருத்தியும் எங்கிட்ட சொல்லலியே" என்றார்.

திருப்பதி டாக்டர், கண்ணாடியோடு பகலில் மட்டும் கார் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். பழைய லைசன்ஸ் முடிந்து நாளாகிவிட்டதால், இந்த முறை சான்றிதழ் மட்டும் போதாது, ஓட்டியும் காட்ட வேண்டும் என்று லைசன்ஸ் அலுவலகத்தில் சொன்னார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் எல்லோரும் சொல்லும் மோட்டார் ஆய்வாளர் கண்ணாடியைப் பார்த்ததுமே காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். இந்த வயதில் வீட்டில் உட்காரலாமே அம்மா என்று தெலுங்கில் கேட்டார். உட்கார்ந்தால் அந்தக் கிராமத்துக்கு நீங்கள் வண்டி அனுப்புவீர்களா என்று இவரும் தெலுங்கிலேயே கேட்டார். அவர் தூரத்தில் நின்ற ஒரு லாரியைக் காட்டி நம்பரை வாசிக்கச் சொன்னார்.

பெரியம்மா நம்பரை வாசித்தார். பிறகு, லாரி முதலாளியின் பெயர், ஊர், ஹாரன் அடிக்கச் சொல்லிக் கீழே எழுதியிருந்தது என்று வாசித்துக்கொண்டே போனார். "சாலு அம்மா, சாலு", போதும் போதும் என்று இன்ஸ்பெக்டர் கை காட்டினார். பிறகு அவரை ஏற்றிக்கொண்டு பெரியம்மா ஓட்டிக் காட்டினார். ஓட்டும்போது எதற்கு இப்படிக் கழுத்தையே முழுதாகத் திருப்புகிறீர்கள் என்று கேட்டாராம். இந்தக் கண்ணாடியில் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது, அதனால் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இறங்கி வந்ததும் இன்ஸ்பெக்டர், இதைச் சொன்னதால்தான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அதன் பிறகு நிலைமை இதுதான். பெரியம்மாவிடம் லைசன்ஸ் இருந்தது. சனிக்கிழமைகளில் கிராமத்துக்குப் போகும்போது அவர் ஓட்டினார். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டால் சாவி என்னிடம் வந்துவிடும். அலுவலகத்தில் நான் வரைந்த படத்தை நானே சரிபார்ப்பதை நிறுத்திவிட்டு, அதை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரிடம் கொடுக்க ஆரம்பித்தேன். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், சான்றிதழ் மேசைமேல் இருக்கும்போதே தன்னைச் சோதிக்கச் சொல்லிப் பின்வாசல் ஸ்டூலில் போய் உட்கார்ந்த பெரியம்மாவின் தைரியத்தில் கொஞ்சம் எனக்கும் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.